எவர் பிள்ளைக்குத் தொழிற்கல்வி?

பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்த்து நம் சமுதாயம் கூறும் ஆறுதல் மொழி ஒன்று உண்டு: "படிப்பு ஏறவில்லையென்றால் என்ன, கைத்தொழில் ஒன்றைப் பழகிக்கொள்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கும் பிள்ளையும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறது. ஆனால் இச்சிறிய வாக்கியத்துள் இரண்டு தீர்ப்புகள் அடங்கிக் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு அறிவு போதாது என்பது ஒன்று. கைத்தொழிலுக்கு அறிவு வேண்டியதில்லை என்பது மற்றொன்று. பதினாறு வயதுப் பிள்ளையின் மீதும், உலகத்தை நாள்தோறும் தாங்கிநிற்கும் உழைப்பின் மீதும் ஒரே மூச்சில் இத்தகைய தீர்ப்பை வழங்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி வேண்டும் என்ற பேச்சு இலங்கையில் புதியதன்று. ஆட்சி மாறுந்தோறும் அது புதுச்சட்டை அணிந்து வருகிறது. பேசுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பேசுகின்றனர்: நாட்டுக்கு இத்தனை மேசன்மார் வேண்டும், இத்தனை மின்னிணைப்பாளர் வேண்டும், வெளிநாடுகளில் இத்தனை வெற்றிடங்கள் இருக்கின்றன என்று. அந்தக் கணக்கு அவசியமானதே. எனினும் கணக்குக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையை இன்ன பாதையிற் செல் என்று சமுதாயம் அனுப்புவது எப்போது நியாயமாகும், எப்போது அநியாயமாகும்? இது அறநெறி பற்றிய கேள்வி. இதனைக் கொழும்பு அலுவலக மேசையிலிருந்து கேட்டால் ஒரு விடை கிடைக்கும். திருகோணமலைக் கடற்கரைக் கிராமத்தில் நின்று கேட்டால் வேறு விடை கிடைக்கும். நாம் நிலாவெளியில் நின்று கேட்க விரும்புகிறோம்.

1

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது நிலாவெளி. சுற்றுலா விளம்பரங்களுக்கு அது வெண்மணற் கடற்கரை. 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட புறாத்தீவுக்குப் படகேறும் துறை. அங்கு வாழும் மக்களுக்கோ அது கரைவலை இழுக்கும் ஊர். உப்பு விளையும் ஊர். தோட்டம் செய்யும் ஊர். போரினால் இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியேறிய ஊர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உட்புகுந்து உயிர்களை வாரிச் சென்ற ஊர்.

இதே நிலாவெளியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிற்கிறது. வீதியால் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகமும் மீன் வாடியும் ஒரே காட்சிக்குள் வந்துவிடும். ஆனால் வாடியில் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாயிலைச் சென்றடைய எத்தனை வடிகட்டல்களைத் தாண்டவேண்டும்! நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் சுமார் மூன்று இலட்சம் பேரும் அதற்கு மேலும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அண்மை ஆண்டுகளில் அரச பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வது நாற்பதாயிரம், நாற்பத்தையாயிரம் பேரளவில்தான். எஞ்சியோர் எங்கே போகிறார்கள்?

நிலாவெளியில் இக்கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சிலர் சம்மாட்டியின் தோணியில் ஏறுகிறார்கள். சிலர் ஹோட்டல்களில் அறை துடைக்கவும் சாப்பாடு பரிமாறவும் போகிறார்கள். சிலர் கட்டட வேலையில் கையாளாகச் சேர்கிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறுகிறார்கள். கீழைக்கரையின் பருவத்தை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வாடைக்காற்று பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தோணியும் கரையேறும், ஹோட்டலும் வெறிச்சோடும். மீன்பிடியும் சுற்றுலாவும் ஒரே காற்றுக்கு அடங்கிய தொழில்கள். ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கும் என்று சொல்ல இடமில்லை. ஆகவே தொழிற்கல்வி பற்றிய கேள்வி இங்கே நூலறிவாளரின் விவாதப் பொருளாக நின்றுவிடவில்லை. மார்கழி மாதத்தில் அடுப்பு எரியுமா என்ற கேள்வியோடு அது பிணைந்திருக்கிறது.

2

"நம் மக்கள் கைவேலையை இழிவாக நினைக்கிறார்கள், உத்தியோக மோகம் பிடித்து அலைகிறார்கள், அதனால்தான் தொழிற்கல்வி வேரூன்றவில்லை" என்று சொல்வோர் உண்டு. படித்தவர்கள் மேடைகளில் அடிக்கடி கூறும் குற்றச்சாட்டு இது. இதனை நாம் சற்று ஆராய வேண்டும்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி ஈழத்தமிழர் நாவில் எப்படி வந்தது? 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் வந்த ஆங்கிலக் கல்வி, ஆட்சியாளருக்கு எழுதுவினைஞர்களை ஆக்கித் தரும் கல்வியாகவே அமைந்தது. அந்த எழுதுவினைஞனுக்கு மாதம் தவறாத சம்பளம் கிடைத்தது. நோய் வந்தால் விடுமுறை, முதுமையில் ஓய்வூதியம், ஊரில் ஒரு நாற்காலி ஆகியவையும் கிடைத்தன. அதே ஊரில் வலை இழுத்தவனுக்கும் மரம் அரிந்தவனுக்கும் இவற்றுள் ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்காலியும் கிடைக்கவில்லை, சாதியின் பெயரால் திண்ணையிலும் இடம் மறுக்கப்பட்டது. இந்நிலையில் ஒரு தந்தை தன் மகன் எழுதுவினைஞனாக வேண்டுமென்று விரும்பினால் அதற்கு மோகம் என்று பெயரா? உலகத்தைக் கண்திறந்து பார்த்த ஒருவனின் நிதானமான முடிவு அது.

பிலிப் பொஸ்டர் என்ற சமூகவியலாளர் கானா நாட்டை ஆராய்ந்து 1965 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். பள்ளிக்கூடத்துப் பாடத்தை மாற்றினால் பிள்ளைகளின் ஆசை மாறிவிடும் என்று அதிகாரிகள் நம்பினர். ஆசையை உருவாக்குவது பாடப்புத்தகம் அன்று, எந்த வேலைக்கு எவ்வளவு கூலியும் மதிப்பும் கிடைக்கின்றன என்ற நடைமுறையே என்றார் அவர். அங்கும் ஏட்டுக்கல்விதான் நல்ல வேலைக்கு வழிகாட்டியது. ஆகவே மக்களின் கண்ணில் ஏட்டுக்கல்வியே உண்மையான தொழிற்கல்வியாக இருந்தது.

திருகோணமலைக்கு வேறொரு பாடமும் உண்டு. பிரித்தானியக் கடற்படையின் தளமும் கப்பற்பட்டறைகளும் அங்கே பலருக்கு இயந்திர வேலையும் உலோக வேலையும் பழக்கின. 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் மானத்துக்கு அது வேண்டியதே. ஆனால் அந்நிய எசமானன் ஒருவனின் தேவைக்காக மட்டும் பழக்கப்பட்ட தொழில், எசமானன் போனதும் என்னாகும் என்ற கேள்வியையும் அது ஊரவர் முன் வைத்தது. இன்று ஒரே ஹோட்டல் வரிசையின் தேவைக்காகவோ, ஒரே வெளிநாட்டின் தேவைக்காகவோ பிள்ளைகளைப் பழக்குவோர் இக்கேள்வியை மறந்துவிடலாகாது.

3

இனி, நம் நாட்டிற் செய்யப்பட்ட முயற்சிகளைப் பார்ப்போம்.

இலவசக் கல்வியின் தந்தை என நாம் போற்றும் கன்னங்கரா தலைமை தாங்கிய குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியால்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைக் கண்டனர். இந்நன்றியை எவரும் மறக்க முடியாது. ஆனால் அதே அறிக்கை, பதினொரு வயதளவில் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மூன்று வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பலாம் என்றும் கூறிற்று. ஏட்டுக்கல்விக்கு ஒரு வகை, இடைநிலைக்கு ஒரு வகை, ஏனையோருக்குச் செயன்முறைப் பாடசாலை. இலவசக் கல்வியை இருகரம் நீட்டி ஏற்ற மக்கள் இந்த மூன்றாம் வகைப் பாடசாலையை ஏற்கவில்லை. ஒரே ஆவணத்தின் இரு பகுதிகளில் எது தம் பிள்ளைக்குக் கதவு திறக்கிறது, எது கதவடைக்கிறது என்று அவர்கள் சரியாகவே கண்டுகொண்டனர்.

1971 ஏப்ரலில் படித்த கிராமத்து இளைஞர்கள் ஆயுதமேந்தினர். கல்விக்கும் வேலைக்கும் இடையிலான பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை நாடு அதிர்ச்சியோடு கண்டது. அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழுவும் வேலைவாய்ப்பும் எதிர்பார்ப்பும் பொருந்தாமையையே பேசிற்று. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அதன் நோக்கத்தில் ஒரு பெருமை இருந்தது: எல்லாப் பிள்ளைகளும் கைவேலை அறிய வேண்டும் என்றது அது. ஆனால் அந்தந்த ஊரின் தொழிலையே பாடமாக எடுக்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறையில் என்ன செய்யும்? மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கு மீன்பிடி, குயவர் ஊரில் மட்பாண்டம், நகரத்துப் பாடசாலையில் வேறேதோ. தகப்பனிடம் இலவசமாகக் கற்கக்கூடியதைக் கற்பிக்கவா பாடசாலை என்று பெற்றோர் கேட்டால் அதற்கு விடை ஏது? 1977 இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 1953 இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜியின் அரசு தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. மக்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். எதிர்ப்புப் பெருகிற்று. 1954 இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைத்தான் நடுவில் வைத்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கைத்தொழில் வழியாக எல்லா அறிவையும் பெறுவது ஒன்று. அவரவர் பிறந்த வீட்டின் தொழிலுக்கே அவரவரைத் திருப்பி அனுப்புவது வேறொன்று. முன்னது சாதியின் சுவரை இடிக்க முயல்கிறது. பின்னது அச்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறது.

4

இன்றைய நிலை முன்னையதை விட மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத்துறை தொடங்கப்பட்டு, 2015 இல் அதன் முதற் பரீட்சை நடந்தது. அத்துறையினருக்கென்று பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் ஏற்பட்டன. 2017 இல், 42 பாடசாலைகளில், பதின்மூன்று ஆண்டு உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. சாதாரண தரத்தில் சித்தியெய்தாத பிள்ளையும் பாடசாலையை விட்டு வெளியேறாமல் தொழிற்பாடத்துறையில் தொடரலாம் என்றது அத்திட்டம். கட்டட வேலை, உணவு பதனிடல், அலுமினிய வேலை, சிறுவர் பராமரிப்பு, வரைகலை, சுற்றுலா என்று 26 பாடங்கள் வகுக்கப்பட்டன. முடிவில் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம் கிடைக்கும். அத்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்ட ஏணி. அதன் மேற்படியில் பட்டம் இருக்கிறது. தொழிற்கல்வி பயின்றோருக்கென்று 2008 ஆம் ஆண்டின் சட்டப்படி இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. பாடசாலை காணாத மேசன் ஒருவர் தம் கையறிவைச் செய்து காட்டி, அதற்குரிய மட்டத்தின் சான்றிதழைப் பெறவும் வழி உண்டு. இது சிறிய காரியமன்று. கை அறிந்ததையும் அறிவென்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வதே ஒரு முன்னேற்றந்தான்.

அப்படியானால் குறை எங்கே? கதவு எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது குறை. பாதை நன்றாகவே அமைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் வாயிலில் "தவறியோர்க்கு" என்று பலகை தொங்குமானால், அதில் நுழையும் பிள்ளை முதலில் தன் தோல்வியைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நுழைகிறது. கணிதம் உட்பட ஒன்பது பாடங்களிலும் சித்தி பெற்ற பிள்ளையிடம் "மின்னியல் தொழில் உனக்கு விருப்பமா?" என்று கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்? ஒன்பதிலும் உயர் சித்தி பெற்ற பிள்ளை தச்சுத்தொழில் பழக விரும்பினால் வீட்டில் ஒப்பாரி எழும். தேர்ந்தெடுக்க முடிந்தவர் எவரும் தேர்ந்தெடுக்காத ஒன்றைத் "தெரிவு" என்று அழைப்பது சொல்லை ஏமாற்றுவதாகும்.

வாயிலிற் குழுமுவோர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கணிதத்தில் தவறுவது வெறும் மூளையின் குறைபாடென்றால், அத்தவறு நகரத்திலும் கிராமத்திலும், பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். அப்படியில்லை என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். கணித ஆசிரியர் இல்லாத தவணைகள், தனியார் வகுப்புக்குக் கட்ட இயலாத பணம், அதிகாலையில் கரைவலைக்குப் போய்விட்டு வகுப்பில் கண்ணயரும் களைப்பு ஆகிய யாவும் சேர்ந்து எழுதிய விடைத்தாளைப் பிள்ளையின் இயல்பு என்று வாசிக்கிறோம். முதலில் ஏணியின் படிகளைக் கழற்றிவிட்டு, பிறகு ஏறமாட்டாதவன் என்று பெயர் சூட்டுகிறோம்.

பெண்பிள்ளைகளின் நிலையில் இப்பிரிப்பு இரட்டிப்பாகிறது. ஆண்பிள்ளைக்கு மோட்டார், மின், மரம். பெண்பிள்ளைக்குத் தையல், அழகுக்கலை, பராமரிப்பு. கருவாடு காயவைத்து, வலை பொத்தி, குடும்பத்தின் கணக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் தாயின் மகளுக்கு இயந்திரம் புரியாது என்று தீர்மானித்தவர் யாரோ!

5

நம் நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் வேறொரு முடிவுக்கு வருவர். "தொழிற்கல்வி என்பதே முதலாளி வர்க்கத்தின் சூழ்ச்சி. மலிவான கூலியாட்களை ஆக்கும் தொழிற்சாலை அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுக்கல்வி, ஒரே பல்கலைக்கழக வாயில் என்பதே நம் கோரிக்கை" என்பர். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அம்முடிவை நாம் அப்படியே ஏற்க முடியாது.

ஏனெனில் நிலாவெளியில் இன்று தொழிற்கல்வி பெறாத பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்விடவில்லை. சான்றிதழ் எதுவும் இல்லாமல் தோணிக்குப் போகிறது. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கட்டட வேலைக்குப் போகிறது. சமத்துவம் வரும்வரை காத்திரு என்று நாம் சொல்லலாம். காத்திருக்கும் காலத்துச் சோற்றுக்கு யார் பொறுப்பு? சம்பளம் பெறும் நாம் கொள்கைத் தூய்மை பேச, அதன் விலையைச் சம்பளமில்லாத வீட்டுப் பிள்ளை செலுத்துவது அறமாகாது. மேலும், பத்து ஆண்டுகளாக வாங்கிலில் அமர்ந்து தன் இயல்புக்குச் சற்றும் ஒட்டாத ஒன்றை மனனம் செய்து, ஒவ்வொரு தவணையும் அவமானப்படும் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதும் உண்மை. அவர்களுக்கு ஒரு பட்டறையின் கதவு திறக்கும்போது முகம் மலர்வதை ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த மலர்ச்சியைச் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவதும் ஒருவகைக் கொடுமை.

பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோர் தொழிற்கல்வியை வெறுக்கவில்லை என்பதையும் நினைவூட்டுவோம். 1866 இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் ஜெனீவா மாநாட்டுக்காக மார்க்ஸ் எழுதிய குறிப்புகளில், மனத்துக்கான கல்வி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றும் ஒருங்கிணைந்த கல்வி வேண்டும் என்றார். உற்பத்தியின் பொதுவான கோட்பாடுகளை விளக்கி, அதன் எளிய கருவிகளைக் கையாளவும் பழக்கும் கல்வியையே அவர் கருதினார். இத்தாலியச் சிறையிலிருந்த கிராம்சி, பெருகிவந்த தொழிற்பள்ளிகளைப் பற்றி எச்சரித்தார். ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒவ்வொரு வகைப் பள்ளி என்றால், பார்வைக்கு அது மக்களாட்சி போலத் தோன்றினாலும் வர்க்கப் பிரிவைத்தான் அது நிலைநிறுத்தும் என்பது அவர் கருத்து. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. கையும் மூளையும் ஒரே பிள்ளையிடம் சேரவேண்டும் என்கிறார் ஒருவர். இரண்டையும் இரு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள் என்கிறார் மற்றவர்.

6

கைவேலைக்குள் அறிவில்லை என்போர் நிலாவெளி உப்புப் பாத்தியின் வரம்பில் நின்று பார்க்கட்டும். கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவைக்கும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலிற் சுண்ணாம்புச் சேர்மம் படிகிறது, பின்னர் ஜிப்சம், நீரின் அடர்த்தி பௌமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டியதும் கறியுப்பு படிகமாகிறது. 30 பாகை அளவுக்கு ஏறவிட்டால் கசப்பான மகனீசிய உப்புகள் கலந்துவிடும்; ஆகவே அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். எப்பாத்தியை எப்போது திறப்பது என்ற உப்பளத் தொழிலாளியின் முடிவுக்குள் இத்தனை இரசாயனம் இருக்கிறது. அதே ஊரின் வகுப்பறையில் கரைதிறனும் படிகமாதலும் கரும்பலகையில் கற்பிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நடந்துபோகும் தூரந்தான். ஆனால் அந்தத் தூரத்தை நம் பாடத்திட்டம் நடந்து கடந்ததில்லை.

சித்த மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். மூலிகை பறித்தல், இடித்தல், காய்ச்சுதல், நாடி பார்த்தல் என்று பரம்பரையாகக் கைமாறி வந்த தொழில் அது. இன்று நிலாவெளியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் அது பட்டப்படிப்பு. ஒரு தொழில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததால் அத்தொழில் கெட்டுவிடவில்லை; பல்கலைக்கழகமும் தாழ்ந்துவிடவில்லை. வைத்தியருக்குத் திறந்த வாயில் படகு கட்டுபவருக்கும் உப்பு விளைவிப்பவருக்கும் ஏன் திறக்கலாகாது?

தொழிலுக்குள் இருக்கும் அறிவு தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. வெளியிணைப்பு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பிள்ளையை நினைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிறான். நல்ல பயிற்சி நிலையம் அவனுக்கு எரிபொருள் எரியும் விதத்தையும் சொல்லித்தரும். ஆனால் 2022 ஆகஸ்டில் அந்த இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. தோணிகள் கரையில் கிடந்தன. அது ஏன் ஏறியது, நாட்டின் கடனுக்கும் அவன் தோணிக்கும் என்ன தொடர்பு என்பதை அவனுக்கு யார் கற்பித்தார்கள்? முதலாளி தன் ஊழியரின் சேமலாப நிதிக்கு 12 வீதம் செலுத்தவேண்டும், ஊழியரிடமிருந்து 8 வீதம் பிடிக்கவேண்டும் என்ற 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாட்டை, பயிற்சி முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைக்கு எந்தப் பாடம் சொல்லுகிறது? இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்து, தன்னை இயக்கும் சமுதாயத்தைப் புரியாதவனாக ஒருவனை அனுப்பிவைத்தால், அவனையும் ஒரு கருவியாகவே ஆக்கி அனுப்புகிறோம். வரலாறும் இலக்கியமும் பொருளியலும் மருத்துவனாகப் போகிறவனுக்கு வேண்டுமென்றால் மேசனாகப் போகிறவனுக்கும் வேண்டும். இந்தக் கவிதை எனக்கு எதற்கு என்று கேட்காமல் கற்கும் உரிமை பணக்காரப் பிள்ளைக்கு மட்டும் உரியதாகலாகாது.

7

ஜெர்மனியைப் பார் என்பர் சீர்திருத்தக்காரர். பார்ப்போம். அங்கே பயிலுநன் வாரத்திற் சில நாட்கள் தொழிலகத்திலும் ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியிலும் கற்கிறான். அம்முறையைப் புகழ்வோர், அதனைத் தாங்கிநிற்கும் தூண்களைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். பயிலுநனுக்கு ஒப்பந்தம் உண்டு, கொடுப்பனவு உண்டு, 1969 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, பாடம் வகுப்பதில் தொழிற்சங்கத்துக்கு இடம் உண்டு, செலவிற் பெரும்பங்கை முதலாளி ஏற்கவேண்டும். அத்தூண்களை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் இறக்குமதி செய்தால் பயிலுநன் என்பது கூலியில்லாத கையாளுக்கு இட்ட அழகிய பெயராகிவிடும். அந்நாட்டிலும் பல மாநிலங்களில் பத்து வயதளவிலேயே பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். அப்பிரிப்பு வீட்டின் வசதியைத்தான் பெரிதும் எதிரொலிக்கிறது என்று அந்நாட்டு அறிஞர்களே நெடுங்காலமாகக் குறைகூறி வருகின்றனர்.

ஆகவே தொழிற்பாதை நியாயமானதா என்பதை அளக்க நாம் நான்கு உரைகற்களை முன்வைக்கிறோம்.

முதலாவது: அப்பாதைக்குள் விரும்பி வருவோர் உண்டா? திட்டத்தை வகுத்தவர், அதை நடத்துபவர், அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றுபவர் ஆகியோரின் பிள்ளைகளுள் ஒருவராவது அதில் உண்டா?

இரண்டாவது: திரும்பிவர வழி உண்டா? பதினாறில் தச்சு பழகப் போனவன் இருபத்தைந்தில் கட்டடக் கலை கற்க விரும்பினால் ஏணி மெய்யாகவே மேலே செல்கிறதா, அல்லது சுற்றறிக்கையில் மட்டும் செல்கிறதா? அந்த ஏணியின் படிகள் நிலாவெளியிலிருந்து எட்டும் தூரத்தில், அவன் தாய்மொழியில், கைந்நூலோடும் போதனாசிரியரோடும் இருக்கின்றனவா?

மூன்றாவது: கையோடு மூளைக்கும் உணவு உண்டா? தொழிற்பாடத்துறை மாணவனுக்கு மொழியும் வரலாறும் அறிவியலும் உரிமையாகக் கிடைக்கின்றனவா? அதேபோல, மருத்துவனாகவும் வழக்கறிஞனாகவும் போகிற பிள்ளைக்குப் பட்டறையில் வியர்வை சிந்தும் பாடம் உண்டா? இந்த இரண்டாம் பாதி நிறைவேறாமல் முதற்பாதி ஒருபோதும் மதிப்புப் பெறாது.

நான்காவது: பாதையின் முடிவில் மனிதனுக்குரிய வாழ்வு உண்டா? நியாயமான கூலி, விபத்துக்கு ஈடு, முதுமைக்கு ஆதரவு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை இல்லாதவரை தொழிலின் மகத்துவம் பற்றிய சொற்பொழிவு வெறும் காற்று. எழுதுவினைஞனுக்குக் கிடைத்த ஓய்வூதியம் போன்ற ஒன்று மீனவனுக்கும் மேசனுக்கும் கிடைக்குமானால் உத்தியோக மோகம் தானே தணியும். அதற்குத் தனியாக உபதேசம் தேவைப்படாது.

இந்நான்கிற் பல அரசாங்கம் செய்யவேண்டியவை; போராடிப் பெறவேண்டியவை. ஆனால் ஒன்று ஆசிரியர்களாகிய நம் கையில் இன்றே இருக்கிறது. "உனக்குப் படிப்பு வராது" என்ற சொல்லை நம் வகுப்பறைகளிலிருந்து அகற்றிவிடலாம். உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளையிடமும் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: உன் கை எதைச் செய்ய விரும்புகிறது, உன் மனம் எதை அறிய விரும்புகிறது? கணித பாடத்தை உப்பளத்துக்கும் தோணித்துறைக்கும் கொண்டுபோகலாம். உப்பளத்துத் தொழிலாளியையும் ஓடாவியையும் ஒருநாள் வகுப்பறைக்கு அழைத்துவந்து, பிள்ளைகள் எழுந்துநின்று வணங்க, கரும்பலகைக்கு முன் நிறுத்தலாம். தன் தகப்பன் ஆசிரியரின் இடத்தில் நிற்பதைக் காணும் பிள்ளைக்கு, கைத்தொழில் என்பது தண்டனையாக இனித் தோன்றாது. அதன்பின் அப்பிள்ளை கடலுக்குப் போனாலும் சரி, கோணேசபுரி வளாகத்துக்குப் போனாலும் சரி, அது தானே நடந்து தெரிந்துகொண்ட வழியாக இருக்கும்.